அந்தமான்: ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது?

2025 அக்டோபர் 11, முலுண்டிலிருந்து ஒரு கேள்வி

பொங்கலுக்கு அந்தமான் போகிறோம், 2026 ஜனவரி 15 முதல் 20 வரை. நான், மனைவி, என் அப்பா அம்மா (72, 66), பிள்ளைகள் இரண்டு பேர் (12, 8). இங்கே மும்பையில் ஒரு ஏஜென்ட் பதினொரு விஷயங்கள் போட்டுக் கொடுத்திருக்கிறார்: செல்லுலார் சிறை, ஒலி ஒளிக் காட்சி, ராஸ் தீவு, நார்த் பே, பாராடாங் குகை, எலிஃபன்ட் பீச், ஸ்கூபா, சீ வாக், ராத்திரி கயாக், நீல் தீவின் இயற்கைப் பாலம், கண்ணாடிப் படகு. மொத்தமாக எடுத்தால் மலிவு என்கிறார். இதில் எது உண்மையிலேயே வேண்டும்? எங்கே படித்தாலும் எல்லாமே கட்டாயம் பார்க்க வேண்டியது என்றுதான் இருக்கிறது.

அக்டோபர் 11, இரவு, செம்பூரிலிருந்து பதில்

போன பொங்கலுக்கு, 2025 ஜனவரி 12 முதல் 20 வரை, நாங்கள் கிட்டத்தட்ட இதே பட்டியலோடு போய் வந்தோம். நான், கணவர், 11 வயது மகள், 67 வயது அம்மா. செம்பூரிலிருந்து கிளம்பி சென்னையில் விமானம் மாறினோம். எங்களுக்கும் மும்பை ஏஜென்ட், எங்களுக்கும் "மொத்தமா எடுத்தா மலிவு". ஒரே வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை. நினைவு வர வர எழுதுகிறேன்.

பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் தினசரி காலண்டரைப் பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஹேவ்லாக் தீவில் ஜனவரி 15 ராத்திரி 8 மணிக்குக் கயாக் போட்டிருந்தார்கள். அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் போட்டுக்கொண்டு போனால் தண்ணீர் பச்சையும் நீலமுமாக மின்னும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், தண்ணீர் அசைந்தால் வெளிச்சம் விடுகின்றன. அது தெரிவதற்கு நல்ல இருட்டு வேண்டும். நாங்கள் போன ராத்திரி பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள், நிலா மேலே ஏறி நின்று காடு முழுவதும் பால் ஊற்றின மாதிரி இருந்தது. மகள் குனிந்து தன் நிழல் விழுந்த இடத்தில் கையை விட்டு ஆட்டினாள், அங்கே மட்டும் நாலைந்து பொறி தெரிந்தது. அவ்வளவுதான். கூட்டிப்போன பையனிடம் கேட்டேன். புக்கிங் வந்தது, கூட்டி வந்தேன் என்றான். அவன் மேல் தப்பில்லை. மும்பையில் உட்கார்ந்து அந்தத் தேதியைப் போட்டவர் நிலாவைப் பார்க்கவில்லை, காலண்டர் சமையலறையிலேயே தொங்கியும் நானும் பார்க்கவில்லை. நாலு பேருக்குக் கொடுத்த பணத்தைவிட, மகள் மூன்று மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்கள் தேதியைப் பார்த்தேன். 2026 தை அமாவாசை ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்குக் கயாக் கட்டாயம் வேண்டும். 18ஆம் தேதிக்குப் போடச் சொல்லுங்கள்.

அக்டோபர் 12

போர்ட் பிளேர் பற்றி. டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம், 2024இல் பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப், இவை மூன்றும் 2018 டிசம்பரில் மாறின. ஆட்டோக்காரரும் படகுக்காரரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், கப்பல் சீட்டில் மட்டும் புதுப் பெயர் இருக்கும். நானும் இங்கே பழைய பெயரிலேயே எழுதுகிறேன்.

செல்லுலார் சிறையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக வேண்டாம். வழிகாட்டி இல்லாவிட்டால் அது நீளமான காலி வராந்தா, வரிசையாகக் கதவு, அவ்வளவுதான். எங்களுக்குக் கிடைத்தவர் தமிழர், போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த ஊரில் தமிழர்கள் நிறைய, கேட்டால் கிடைக்கிறார்கள். அவர் அம்மாவை ஓர் அறைக்குள் நிற்க வைத்துக் கதவைச் சாத்தி, கையை வெளியே விட்டுத் தாழ்ப்பாளைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. தாழ்ப்பாள் போடும் இடம் கதவை விட்டுத் தள்ளிச் சுவருக்குள் குடைந்து வைத்திருக்கிறது. அப்புறம் வராந்தாவுக்குக் கூட்டிப் போய், ஒரு சிறகின் முன்பக்கம் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தபடி கட்டியிருப்பதைக் காட்டினார். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைக் கூடப் பார்க்க முடியாது. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தார்கள், ஏழு சிறகுகளில் இப்போது மூன்றுதான் மிச்சம். செக்கு இருந்த இடத்தில் அம்மா ரொம்ப நேரம் நின்றாள். ஒலி ஒளிக் காட்சியை நாங்கள் இந்தியில் பார்த்தோம், அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேர வழிகாட்டி போதும் என்று இருந்தது. உங்கள் அப்பா அம்மாவுக்கு இந்தி நன்றாக வரும் என்றால் சரி.

நார்த் பேயை எடுத்துவிடுங்கள். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்னால் தென்னை மரங்களோடு ஒரு கரை இருக்குமே, அந்தக் கலங்கரை விளக்கம் அங்கேதான் இருக்கிறது. படம் எடுக்க ஆசையாக இருக்கும். ஆனால் போய் இறங்கியதும் ஜெட் ஸ்கி, வாழைப்பழப் படகு என்று கவுன்ட்டர் கவுன்ட்டராகக் கூப்பிடுவார்கள். நீங்கள் எலிஃபன்ட் பீச்சும் போவதால் அதே விஷயத்துக்கு இரண்டு முறை பணம் கொடுப்பீர்கள். அந்த அரை நாளை ராஸ் தீவில் செலவழியுங்கள். ஆங்கிலேயர்கள் கட்டின மாதா கோவில், பேக்கரி, பங்களா எல்லாவற்றையும் ஆலமர வேர்கள் பிடித்து வைத்திருக்கின்றன, மான்கள் பக்கத்தில் வந்து நிற்கின்றன. வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள்.

அக்டோபர் 12, மறுபடி

ஒன்று விட்டுப் போயிற்று. அங்கே பொழுது நம் மும்பைப் பொழுது இல்லை. கடிகாரம் ஒன்றுதான், ஆனால் தீவு நமக்கு இருபது டிகிரி கிழக்கே இருக்கிறது. ஜனவரியில் மும்பையில் 7 மணிக்கு மேல்தான் விடியும், அங்கே 6 மணிக்கு முன்பே வெயில் வந்துவிடும். சாயங்காலம் 5.20க்குள் சூரியன் மறைந்துவிடும். நாலு மணிக்கு ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை என்று ஏஜென்ட் போட்டிருந்தால் மதியம் 3 மணியாக மாற்றச் சொல்லுங்கள். நாங்கள் டீ குடித்துவிட்டு நிதானமாகப் போய் இருட்டைத்தான் பார்த்தோம். அந்தக் கரை, சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2020இல் வாங்கினது, மணல் மாவு மாதிரி இருக்கும். முதலை எச்சரிக்கைப் பலகை எங்கே வைத்திருக்கிறார்களோ அந்தப் பக்கம் மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். 2010இல் அங்கே நீரில் இருந்த ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை தாக்கியது, அது வெறும் பலகை இல்லை.

அக்டோபர் 14

பாராடாங் போகலாம். விடியற்காலை 3 மணிக்கு எழுப்புவார்கள், அதை மட்டும் அப்பா அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசை கட்டிக் கூட்டமாகத்தான் விடுவார்கள், முதல் வரிசை காலை 6 மணிக்கு. அப்புறம் பெரிய படகில் கடல்காலைக் கடந்து, சின்னப் படகில் அலையாத்திக்குள் வளைந்து போய், ஒன்றரை கிலோமீட்டர் போல நடந்தால் சுண்ணாம்புக் குகை. படகுப் பயணம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 15

ஸ்கூபா, அதாவது காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முழுகுவது. உங்கள் மூத்த பிள்ளை போகலாம், சின்னது போக முடியாது. குறைந்த வயது 10. பயிற்சி இல்லாதவர்களுக்கான முதல் முழுக்கில் அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம்தான், நீச்சல் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் உடல்நிலை பற்றி ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள், அதில் பொய் எழுதக்கூடாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதில் பிரச்சினை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, எது இருந்தாலும் இங்கிருந்தே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். என் கணவருக்கு லேசாகச் சளி. அவர் அதைச் சொல்லாமல் இறங்கி மூன்று மீட்டரிலேயே காது வலி தாங்காமல் மேலே வந்துவிட்டார். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் காது திறக்க வேண்டும், சளி இருந்தால் திறக்காது. ஆழத்துக்கு ஆழம் அந்த அழுத்தம் கூடிக்கொண்டே போகும். பயிற்றுநர் உடனே அவரை மேலே கொண்டுவந்தார், வற்புறுத்தவில்லை, அதற்காகவே அந்த இடத்தை நான் மதிக்கிறேன்.

மகள் முப்பத்தைந்து நிமிஷம் கீழே இருந்தாள். வெளியே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை, துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராத்திரி படுக்கும்போதுதான், "கீழே சத்தம் இருக்கும்மா, பொரி பொரிக்கிற மாதிரி" என்றாள். அது சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் என்று அப்புறம் தெரிந்துகொண்டோம்.

கேட்க வேண்டியவை: ஒருவருக்கு ஒரு பயிற்றுநரா, அல்லது ஒருவர் இரண்டு மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு போவாரா? முதலில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திச் சொல்லிக் கொடுப்பார்களா, எவ்வளவு நேரம்? மீனை வரவழைக்க பிஸ்கட் போடுவார்களா? போடுவோம் என்று பெருமையாகச் சொன்னால் அந்த இடம் வேண்டாம். முழுகியதற்கும் விமானத்துக்கும் நடுவில் 18 மணி நேரம் விடுங்கள். கடைசி நாளில் வைத்துக்கொள்ளவே கூடாது.

அக்டோபர் 16

கப்பல். ஹேவ்லாக்குக்குத் தனியார் வேகப் படகில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி நேரம். அரசுக் கப்பல் மலிவு, மெதுவாகப் போகும், மேல்தளத்தில் காற்று வாங்கலாம். அம்மாவுக்கு மூடின ஏசி அறையில்தான் வாந்தி வந்தது, திரும்பும்போது வெளியே நின்றாள், ஒன்றும் ஆகவில்லை. அப்பா அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் எலிஃபன்டா குகைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி. தாங்கினால் சரி. தாங்காவிட்டால் மாத்திரைக்கு வழி பண்ணலாம். திங்கட்கிழமை போகாதீர்கள், குகை மூடியிருக்கும்.

அக்டோபர் 18

நீல் தீவு. இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் பட்டியலில் ஜனவரி 17 மதியம் 12 மணி, இயற்கைப் பாலம், 45 நிமிஷம் என்று இருந்தது. பவளப் பாறை அரித்து வளைவாக நிற்கும் இடம் அது. வழியெல்லாம் கரடுமுரடு, வழுக்கும். நாங்கள் போனபோது கடல் ஏறிக்கிடந்தது, பாறைத் தரை முழுவதும் தண்ணீருக்கு அடியில். தூரத்தில் நின்று வளைவைப் படம் எடுத்தோம், வெயில் மண்டையைப் பிளந்தது, திரும்பினோம். அம்மா வண்டியில் ஏறும்போது சொன்னாள்: "ஏட்டி, வத்தம் எப்பன்னு கேக்காம யாராச்சும் கடலுக்குப் போவாவளா?" வத்தம் என்றால் வற்றம், கடல் நீர் இறங்கும் நேரம்.

அம்மா தூத்துக்குடிக்காரி. தாத்தா சங்கு குளிக்கப் போனவர். ஐம்பது வருஷமாக மும்பையில் இருக்கிறாள், மீன் வாங்கப் போனால்தான் கடல் வாசனை, ஆனாலும் பவளப் பாறையை அவள் இன்னும் "பார்" என்றுதான் சொல்வாள், முழுகுவதைக் "குளிக்கிறது" என்பாள். "பேத்தி குளிக்கப் போயிட்டா" என்று அவள் போனில் சொன்னதைக் கேட்டு மாமா, ஓட்டல் பாத்ரூமுக்குத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மாதான் விடுதியில் சமையல் செய்யும் பெண்ணிடம் அரைகுறை இந்தியில் கேட்டாள். மறுநாள் விடியும்போது வற்றம் என்று தெரிந்தது. அந்தப் பெண் தன் தம்பியை வரச் சொன்னாள். 18ஆம் தேதி காலை 6 மணிக்கு அதே இடத்துக்குப் போனோம். அதே இடம் என்று நம்பவே முடியவில்லை. கடல் உள்ளே போய், பாறைத் தரை முழுவதும் குட்டை குட்டையாகத் திறந்து கிடந்தது. அந்தப் பையனுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். ஒரு குட்டை முன்னால் குந்தி உட்காருவான், எங்களையும் உட்காரச் சொல்வான், பேசாமல் காத்திருப்பான். இரண்டு நிமிஷத்தில் ஒரு கல் நகரும், அது கல் இல்லை. உதடு நீலமாக மினுங்கும் ராட்சதச் சிப்பி, நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. கம்பி மாதிரி கைகள் உள்ள நட்சத்திரம் ஒன்று. மகள் தொடப் போனாள், அவன் கையை மட்டும் நீட்டித் தடுத்தான், ஒன்றையும் அவன் தூக்கவில்லை, கல்லைப் புரட்டவும் இல்லை. ஒரு பொந்திலிருந்து ஆக்டோபஸின் கால் ஒன்று எட்டிப் பார்த்தது. பையன் வங்காளத்தில் என்னவோ சொன்னான், அம்மா "பேய்க்கணவாய்" என்றாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். கடல் அட்டையைக் காட்டினபோது அம்மா, இதைப் பிடிக்கக் கூடாதென்று 2001இல் சட்டம் வந்தபோது ஊரில் எத்தனை பேர் பிழைப்பு போயிற்று என்று அவனிடம் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. கேட்டுக்கொண்டு நின்றான்.

முழங்கால் வலிக்காரி ஒன்றரை மணி நேரம் அந்தப் பாறையில் நடந்தாள். பையன் அவள் கையை விடவேயில்லை. அவன் கேட்டது 500 ரூபாய்.

ஒன்பது நாள் பயணத்தில் எங்கள் நாலு பேருக்கும் பிடித்த காலை அதுதான், அது எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், நாளுக்கு நாள் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிகம் ஏறி அதிகம் இறங்கும், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. ஜூலையில் ஹை டைட் எத்தனை மணிக்கு, நாலரை மீட்டருக்கு மேலா என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஆபீஸ் கிளம்புகிற நமக்கு இது புதிதே இல்லை. வெள்ளத்துக்குப் பார்க்கிறோம், சுற்றுலாவுக்குப் பார்க்கத் தோன்றவில்லை. நீலுக்கு உங்கள் ஏஜென்ட் எந்த நேரம் போட்டிருந்தாலும் அன்றைய வற்றத்தைக் கேட்டு மாற்றுங்கள். செருப்பு வேண்டாம், பின்னால் பட்டை உள்ள ரப்பர் ஷூ போடுங்கள்.

அக்டோபர் 18, சற்று நேரம் கழித்து

சிப்பி, பவளத் துண்டு எதுவும் பையில் போடாதீர்கள். கரையில் செத்துக் கிடந்ததானாலும் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், வனவிலங்குச் சட்டத்தில் வழக்கும் வரலாம். எட்டு வயதுப் பிள்ளையின் சட்டைப் பையைக் கிளம்புகிற அன்று பாருங்கள்.

அக்டோபர் 20

தீபாவளி. பலகார வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்தேன். 14ஆம் தேதி பாராடாங் போகலாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

அந்தச் சாலை ஜாரவாப் பழங்குடி மக்களின் காட்டுக்குள்ளாகப் போகிறது. சில நூறு பேர் மட்டுமே இருக்கும் மக்கள். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது என்று சாவடியில் சொல்கிறார்கள். எங்கள் வேனும் நிற்கவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை, சட்டப்படி ஒரு தப்பும் நடக்கவில்லை. ஆனால் வேனில் இருந்த பன்னிரண்டு பேரும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு காட்டுக்குள் பார்த்துக்கொண்டே வந்தோம். குகை வந்தபோதுகூட அவ்வளவு ஆவல் இல்லை. மகள் கேட்டாள், "எல்லாரும் யாரைத் தேடுறாங்க?" ஓட்டுநர் சொன்னார், இன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லை, திரும்பும்போது பார்க்கலாம் என்று. நான் மகளுக்குப் பதில் சொல்லவில்லை.

2002இலேயே உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியில் சாலையை மூடச் சொன்னது. சாலை இன்றும் ஓடுகிறது. வடக்கே ஊர்களில் இருப்பவர்களுக்கு மருத்துவமனைக்கு அது தேவை, அது வேறு விஷயம். எனக்கு என்ன தேவை இருந்தது? சுண்ணாம்புக் குகை பார்க்க வேண்டும் என்றால் இந்த நாட்டில் வேறு எத்தனையோ இடத்தில் இருக்கிறது. படகு நன்றாக இருந்தது என்று எழுதினேன், அது உண்மை. அலையாத்தியைக் கயாக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போவதும் போகாததும் உங்கள் முடிவு, நான் இனிமேல் யாரையும் அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 23

சீ வாக் பற்றி நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுத வேண்டும் என்று இருந்தேன், எனக்கே தெளிவில்லை.

தலையில் ஒரு பெரிய கண்ணாடிக் கூண்டை மாட்டி, மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று விட்டு, ஏணியில் இறக்கிக் கடல் தரையில் நடக்க வைக்கிறார்கள். முகம் நனையாது, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டே போகலாம். நீச்சல் தெரியாத அம்மா எலிஃபன்ட் பீச்சில் அப்படித்தான் கடலுக்குள் போனாள். மேலே வந்து, "எங்கப்பா பார்த்ததெல்லாம் இதுதானா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அதை நான் குறை சொல்லவே முடியாது. ஆனால் நானும் கூட இறங்கினேன். கால் படுகிற இடமெல்லாம் சாம்பல் நிறச் சிதறல்தான், உயிருள்ள பவளம் தள்ளி இருந்தது. கூட வந்தவர் கையில் ரொட்டியைக் கொடுத்தார், மீன்கள் மொய்த்தன, படம் எடுத்தார். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இப்போது அதைப் பார்க்கும்போது மீனைவிட அந்த ரொட்டிதான் முதலில் கண்ணில் படுகிறது.

உங்கள் அப்பா அம்மாவில் யாருக்காவது ஆசையும் தெம்பும் இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போகட்டும், மணல் தரையில் நடத்துகிறார்களா என்று கேளுங்கள், ரொட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது வேண்டாம், அவர்கள் மிதந்தபடி பார்க்கலாம். அந்த ஸ்நார்க்கலிங்கில் ஒன்று: படகுக் காசில் இலவசமாகச் சேர்த்திருப்பது ஐந்து பத்து நிமிஷம்தான், வளையத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவார்கள். கூடுதல் நேரத்துக்குக் காசு கொடுத்து ஒருவரை நிதானமாகக் கூட்டிப் போகச் சொல்லுங்கள், அந்தக் காசு வீணில்லை. மூச்சுக் குழாயை வாயில் வைத்து மூச்சு விட இங்கேயே மாநகராட்சி நீச்சல் குளத்தில் இரண்டு நாள் பழக்கிவிடுங்கள். எங்கள் மகளுக்கு முதல் ஐந்து நிமிஷமும் இருமலிலேயே போயிற்று.

கண்ணாடிப் படகை, அதாவது அடியில் கண்ணாடி பதித்த படகை, நீல் தீவில் பாட்டி தாத்தாவுக்கு மட்டும் போடுங்கள். அல்லது வண்டூர் பக்கம் கடல் தேசியப் பூங்காவுக்குப் போனால் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்று இரண்டு தீவுகள், மாற்றி மாற்றித்தான் திறப்பார்கள், ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்று ஆறட்டும் என்று. பிளாஸ்டிக் பை கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. உங்கள் ஆறு நாளில் அதற்கு இடமில்லை, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 26

கயாக் பற்றி இரண்டு திருத்தம்.

ஒன்று, 18ஆம் தேதிதான் என்று எழுதினேன், அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை. அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் நிலா விடியற்காலைதான் எழும்பும், ராத்திரி முழுவதும் இருட்டுதான். 16, 17 எதுவானாலும் சரி.

இரண்டு, பௌர்ணமியை ஒட்டிப் போனால் ஒன்றுமே தெரியாதா என்று கேட்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் எங்களுக்கே வழி இருந்திருக்கிறது. பௌர்ணமி கழிந்தபின் நிலா ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தாமதமாக எழும்பும். நாங்கள் போன அன்று 5.20க்குச் சூரியன் மறைந்து, 7 மணிப் போல நிலா வந்தது. ஆறேகாலுக்குக் கிளம்பியிருந்தால் முக்கால் மணி நேரம் இருட்டு கிடைத்திருக்கும். 8 மணி என்று அச்சடித்த நேரத்தை யாரும் நகர்த்தவில்லை.

அக்டோபர் 27

முலுண்ட் நண்பர் எழுதியிருக்கிறார், அவர் அப்பா தை அமாவாசைக்குத் தர்ப்பணம் விட வேண்டும் என்கிறாராம், அதனால் பயணத்தையே மாற்றலாமா என்று யோசிக்கிறார். மாற்றாதீர்கள். சுற்றிலும் கடல். ஹேவ்லாக்கில் காலாபத்தர் கரை கிழக்கே பார்த்தது, விடியும்போது ஆள் இருக்காது. எள்ளும் தர்ப்பையும் இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

அதையும் சேர்த்து நாள் போட்டுப் பார்த்தேன். 15 இறங்கியதும் சிறை. 16 காலைக் கப்பலில் ஹேவ்லாக், மதியம் ராதாநகர். 17 காலை ஸ்கூபா, பாட்டி தாத்தா கரையில், ராத்திரி கயாக். 18 விடியலில் தர்ப்பணம், அப்புறம் நீல் தீவு. 18, 19 இரண்டு நாளில் எப்போது நல்ல வற்றமோ அப்போது பாறை. 19 சாயங்காலம் போர்ட் பிளேர், 20 விமானம். ராஸ் தீவுக்கும் எலிஃபன்ட் பீச்சுக்கும் இதில் இடமில்லை. எலிஃபன்ட் பீச் உங்கள் சின்னப் பிள்ளைக்காக வேண்டுமென்றால் 17ஐ இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும், பெரியவர்கள் களைத்துப் போவார்கள். கடைசி ராத்திரியை மட்டும் தீவில் வைக்காதீர்கள். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்தன. ஜனவரியில் பெரும்பாலும் கடல் அமைதிதான், இருந்தாலும்.

நவம்பர் 2

ஏஜென்ட் பற்றி. எங்கள் ஆளைப் போட்டுத் திட்டிவிட்டு நேரடியாக எடுங்கள் என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். கப்பல் சீட்டும் அறையும் அவர் சரியாகத்தான் போட்டுக் கொடுத்தார், வயதானவர்களோடு போகும்போது அது பெரிய உதவி. அவற்றை அவரிடம் விடுங்கள். கடலில் இறங்குகிற விஷயங்களை மட்டும் தீவுக்குப் போய், ஆளை நேரில் பார்த்து, உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். மொத்தமாக எடுத்தால் மிச்சமாகும் பணம் ஒரு கயாக் வீணானால் போய்விடும்.

2026 ஜனவரி 25

முலுண்ட் குடும்பத்தார் திரும்பி வந்துவிட்டார்கள். நேற்று மாட்டுங்காவில் பார்த்தோம், இரண்டு குடும்பமும் சேர்ந்து இட்லி சாப்பிட்டோம்.

17 ராத்திரி கயாக் போயிருக்கிறார்கள். எட்டு வயதுப் பையன் பேசப் பேச மூச்சு வாங்கினான்: துடுப்பு பட்ட இடமெல்லாம் பச்சையாம், ஒரு மீன் அடியில் ஓடினால் ராக்கெட் மாதிரி கோடாம், அக்கா தண்ணீர் தெளித்தது அவன் சட்டையில் மின்னிவிட்டு அணைந்ததாம். என் மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பொறாமைப்படுவாளோ என்று பார்த்தேன், எப்படி எப்படி என்று இன்னும் இன்னும் கேட்டாள். தாத்தா காலாபத்தரில் தர்ப்பணம் விட்டார், பக்கத்தில் ஒரு வங்காளக் குடும்பமும் பூ விட்டுக்கொண்டிருந்ததாம். பெரிய பெண்ணுக்கு ஸ்கூபாவில் காது திறக்கவில்லை, பத்து நிமிஷத்தில் ஏறிவிட்டாள், அதைப் பற்றிப் பேசப் பிடிக்கவில்லை அவளுக்கு. பாராடாங் போகவில்லை.

நீல் தீவுப் பாறையில் வற்றத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார்கள். விடுதிக்காரர் ஒரு பெரியவரை அனுப்பினாராம், நன்றாகக் காட்டினாராம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள், அந்தப் பையன் இன்னும் அங்கே இருக்கிறானா என்று. அவர்கள் விசாரிக்க மறந்துவிட்டார்கள்.